எச்டிஎம்எக்ஸ் கொண்டு பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பித்தல்: முழுமையான வழிகாட்டி

ஒரு கடையின் சரக்கு இருப்பைக் காட்டும் பக்கம் நம்மிடம் இருக்கிறது. மேலே தேடல் பெட்டி, அதன் அருகில் மொத்தம் எத்தனை பொருள்கள் என்று சொல்லும் வரி, கீழே அட்டவணை, அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் திருத்தவும் நீக்கவும் இரண்டு பொத்தான்கள், கடைசியில் புதுப் பொருளைச் சேர்க்கும் படிவம். இப்போது எந்தப் பொத்தானை அழுத்தினாலும் முழுப் பக்கமும் மறுபடி ஏறுகிறது. மாற வேண்டிய இடம் மட்டும் மாற வேண்டும் என்பதே இங்கு செய்யப்போகும் வேலை.

இதற்கு, எச்டிஎம்எல் குறிச்சொற்களில் இடும் பண்புகள் (ஆட்ரிபியூட்) மூலமே சர்வருக்குக் கோரிக்கை அனுப்ப உதவும் எச்டிஎம்எக்ஸ் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தின் 2-ஆம் வரிசைப் பதிப்பையும், சர்வர் பக்கத்தில் ஜாங்கோ என்னும் பைதான் வலைக் கட்டமைப்பையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு சர்வர் கட்டமைப்பைப் பயன்படுத்துவோருக்கும் படிகளின் வரிசை மாறாது. பண்புகளின் பெயர்களையும், கோரிக்கையோடும் பதிலோடும் செல்லும் குறிப்புவரிகளான ஹெடர்களின் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இணைப்புக்கோட்டுடன் தட்ட வேண்டும்; எச்எக்ஸ்-கெட் என்பது hx-get ஆகும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

எச்டிஎம்எக்ஸ் கோப்பைப் பதிவிறக்கி, உங்கள் திட்டத்தின் நிலைக்கோப்புகளோடு சேர்த்து வையுங்கள். எந்தப் பதிப்பு என்பதைக் கோப்பின் பெயரிலேயே குறித்துவிடுவது நல்லது. 1-ஆம் வரிசைக்கும் 2-ஆம் வரிசைக்கும் இடையே சில இயல்புகள் மாறியிருக்கின்றன. சான்றாக, நீக்கும் கோரிக்கையோடு செல்லும் மதிப்புகள் முன்பு கோரிக்கையின் உடலில் சென்றன. 2-இல் அவை முகவரியின் பகுதியாகச் செல்கின்றன. பதிப்பு எது என்று தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளைப் பின்பற்றுபவர் இத்தகைய இடங்களில் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவதாக, உலாவியின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யப் பழகுங்கள். திரையில் எதுவும் நடக்கவில்லை என்றால் கோரிக்கை போகவே இல்லையா, போய்ப் பிழையோடு திரும்பியதா, சரியான பதில் வந்தும் பொருத்தப்படவில்லையா என்ற மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அது எது என்பதை அந்தப் பகுதி ஒரே பார்வையில் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் பண்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில்தான் புதியவர்களின் நேரம் பெரும்பாலும் கரைகிறது.

2. முதலில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே பக்கம் இயங்கட்டும்

தேடல் பெட்டியைச் சாதாரணப் படிவத்துக்குள் வையுங்கள். என்டர் விசையை அழுத்தினால் தேடல் முடிவுகளோடு முழுப் பக்கமும் வர வேண்டும். சேர்த்தல், திருத்தல், நீக்கல் ஆகிய மூன்றும் வழக்கமான படிவங்களாகவே முதலில் வேலை செய்ய வேண்டும்.

இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்கள் பலரும் திரும்பி வந்திருக்கிறார்கள். சர்வரின் நிரலில் உள்ள பிழையும் பக்கத்தில் உள்ள பண்பின் பிழையும் கலந்துவிட்டால் எது எங்கே தவறியது என்று பிரித்தறிவது கடினம். முழுப் பக்கம் சரியாக இயங்கும் நிலையில் தொடங்கினால், அதன்பின் தோன்றும் எந்தக் கோளாறும் நீங்கள் கடைசியாகச் சேர்த்த பண்பில்தான் இருக்கும்.

3. டெம்ப்ளேட்டைத் துண்டுகளாகப் பிரித்தல்

எச்டிஎம்எக்ஸ் சர்வரிடமிருந்து ஜேசான் என்னும் வெறும் தரவு வடிவத்தை எதிர்பார்ப்பதில்லை, எச்டிஎம்எல்லையே எதிர்பார்க்கிறது. ஆகவே, எந்தப் பகுதி தனியாக மாறப்போகிறதோ அந்தப் பகுதி சர்வரில் தனி டெம்ப்ளேட்டாக (எச்டிஎம்எல் வார்ப்புருவாக) இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு மூன்று துண்டுகள் போதும்: ஒரு வரிசைக்கான துண்டு, வரிசைகளை அடுக்கிக் காட்டும் பட்டியல் துண்டு, சேர்க்கும் படிவத்தின் துண்டு. முழுப் பக்கத்தின் டெம்ப்ளேட் இவற்றை இன்க்ளூட் செய்து, அதாவது தன்னுள் சேர்த்துக்கொள்ளட்டும். பட்டியல் துண்டும் தன் பங்குக்கு வரிசைத் துண்டையே அழைக்கட்டும். ஒரே எச்டிஎம்எல்லை இரண்டு இடங்களில் எழுதிவைத்தால், நாளை ஒரு புது நெடுவரிசையைச் சேர்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் சேர்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுவீர்கள்.

அடுத்து, சர்வரில் கோரிக்கைக்குப் பதில் தயாரிக்கும் வியூ நிரல் எப்போது முழுப் பக்கத்தைத் தருவது, எப்போது துண்டை மட்டும் தருவது என்பதை முடிவு செய்ய வேண்டும். எச்டிஎம்எக்ஸ் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் எச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் என்ற ஹெடர் இருக்கும். அது இருந்தால் துண்டு, இல்லாவிட்டால் முழுப் பக்கம். இந்தச் சோதனையை எழுத மறந்தால், பக்கத்துக்குள் இன்னொரு முழுப் பக்கம் தலைப்புப் பட்டையோடு முளைத்து நிற்கும். முதல் நாளில் இதைக் காணாதவர் அரிது.

ஒரே முகவரி இருவகைப் பதில்களைத் தருவதால், பதிலில் வேரி என்ற ஹெடரைச் சேர்த்து அதன் மதிப்பாக எச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் என்று கொடுங்கள். இல்லையேல் உலாவி துண்டைத் தன் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொண்டு, பயனர் வேறு பக்கத்துக்குப் போய்ப் பின்செல்லும் பொத்தானை அழுத்தும்போது வடிவமைப்பே இல்லாத வெறும் வரிசைகளைக் காட்டிவிடக்கூடும். உருவாக்கும் கட்டத்தில் இது பெரும்பாலும் தெரியாது; பயன்பாட்டுக்கு வந்த பிறகே புகாராக வரும்.

4. இலக்கையும் பொருத்தும் முறையையும் முடிவு செய்தல்

பண்பு எதையும் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். வரும் துண்டு எந்த உறுப்பைச் சேரும்? அந்த உறுப்பின் உள்ளே அமருமா, அந்த உறுப்பையே நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமருமா? முதல் கேள்விக்கான விடை எச்எக்ஸ்-டார்கெட், இரண்டாவதற்கானது எச்எக்ஸ்-ஸ்வாப்.

இலக்கைக் குறிப்பிடாவிட்டால் கோரிக்கையை எழுப்பிய உறுப்பே இலக்காகும். முறையைக் குறிப்பிடாவிட்டால் இன்னர்எச்டிஎம்எல் (innerHTML), அதாவது உள்ளே அமர்த்துதல், எடுத்துக்கொள்ளப்படும். இந்த இரண்டு இயல்புகளும் சேர்ந்துதான், பொத்தானை அழுத்தியதும் பொத்தானுக்குள்ளேயே அட்டவணை தோன்றும் காட்சியைத் தருகின்றன.

திருத்தும் பொத்தானை எடுத்துக்கொள்வோம். அது எச்எக்ஸ்-கெட் மூலம் அந்தப் பொருளின் திருத்தும் வரிசையைக் கேட்கிறது. இலக்கு, பொத்தானைச் சுற்றியுள்ள மிக அருகிலான டிஆர், அதாவது அட்டவணை வரிசையின் குறிச்சொல். அதைக் குளோசஸ்ட் டிஆர் என்று எழுதலாம். முறை, உறுப்பையே மாற்றும் அவுட்டர்எச்டிஎம்எல்லாக (outerHTML) இருக்க வேண்டும், ஏனெனில் வருவதே ஒரு முழு டிஆர்தான். இங்கே இயல்பான முறையை விட்டுவைத்தால் டிஆருக்குள் டிஆர் அமர்ந்து, புதிய வரிசை முழுவதும் முதல் நெடுவரிசையின் அகலத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

திருத்தும் வரிசையில் இன்னொரு தடையும் உண்டு. டிஆருக்கும், அதனுள் ஒரு கட்டத்தைக் குறிக்கும் டிடிக்கும் இடையே ஃபார்ம் குறிச்சொல்லை வைக்க எச்டிஎம்எல் இலக்கணம் இடம் கொடுப்பதில்லை. அப்படி எழுதினால் உள்ளீட்டுப் பெட்டிகள் படிவத்தோடு நாம் எதிர்பார்த்தபடி இணையாமல் போகும். மதிப்புகள் வெறுமையாகச் செல்லும். ஆகையால் அங்கே ஃபார்மை விட்டுவிட்டு, சேமிக்கும் பொத்தானில் எச்எக்ஸ்-இன்க்ளூட் என்ற பண்பை இட்டுக் குளோசஸ்ட் டிஆர் என்று கொடுத்தால், அந்த வரிசையிலுள்ள எல்லாப் பெட்டிகளின் மதிப்புகளும் கோரிக்கையில் சேர்ந்து செல்லும்.

எச்எக்ஸ்-டார்கெட் மேலுள்ள உறுப்பிலிருந்து கீழுள்ளவற்றுக்கு மரபாக இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வரிசைகளைச் சுற்றியுள்ள டிபாடி குறிச்சொல்லில் ஒருமுறை எழுதிவிட்டால் எல்லா வரிசைகளுக்கும் போதும் என்பது வசதிதான். ஆனால் மேலே எங்கோ எழுதிய இலக்கு, நீங்கள் மறந்துவிட்ட பொத்தானுக்கும் வந்து சேரும். என்னைக் கேட்டால், தொடக்கத்தில் இலக்கைப் பொத்தானிலேயே எழுதுவது நல்லது. எழுத்து கூடினாலும் படிப்பவருக்குத் தெளிவு.

5. தேடல் பெட்டி

தேடல் பெட்டியில் எச்எக்ஸ்-கெட், பட்டியலின் டிபாடியைச் சுட்டும் இலக்கு, எப்போது கோரிக்கை எழ வேண்டும் என்று சொல்லும் எச்எக்ஸ்-டிரிக்கர் ஆகிய மூன்றும் வேண்டும். உள்ளீட்டுப் பெட்டியின் இயல்பான தூண்டல் சேஞ்ச் என்பதால், பயனர் பெட்டியை விட்டு வெளியேறும் வரை எதுவும் நடக்காது. ஆகவே இன்புட் நிகழ்வைத் தூண்டலாகக் கொடுத்து, கூடவே மதிப்பு மாறியிருந்தால் மட்டும் என்பதற்குச் சேஞ்ச்ட் என்ற சொல்லையும், தட்டச்சு நிற்கும் வரை காத்திருப்பதற்கு டிலே என்ற சொல்லோடு 400 அல்லது 500 மில்லிநொடியையும் சேருங்கள்.

தமிழில் தேடும் பயனர்களுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் முக்கியமானது. ஒலிப்பு முறையில் துவரம் என்று தட்டும் ஒருவரின் பெட்டியில் முதலில் "து" தெரியும், அடுத்த விசையில் "துவ்" ஆகும், அதற்கடுத்த விசையில்தான் "துவ" ஆகும். இடையில் நின்ற "துவ்" என்பதைச் சர்வரில் தேடினால் துவரம் பருப்பு கிடைக்காது, ஏனெனில் அந்தச் சொல்லில் வகரத்தின் மேல் புள்ளி இல்லை. காத்திருப்பு 100 மில்லிநொடியாக இருந்தால் பட்டியல் ஒரு கணம் வெறுமையாகி மறுபடி நிரம்பும். பார்ப்பவருக்கு அது பழுதாகவே தோன்றும்.

காத்திருப்பை மட்டும் நம்பாமல், சர்வரில் தேடல் சொல்லின் இறுதியில் புள்ளி இருந்தால் அதை நீக்கிவிட்டுத் தேடுங்கள். "துவரம்" என்பது "துவரம" ஆகிவிட்டாலும் முழுச் சொல்லின் பகுதியாகவே இருக்கும் என்பதால் பொருத்தம் தவறாது. அதோடு யூனிகோட் ஒழுங்காக்கத்தையும் செய்துவிடுங்கள். "கொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; தரவுத்தளத்தின் ஒப்பீட்டில் வேறுபடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்னும் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

அடுத்தது கோரிக்கைகளின் வரிசை. நாமே ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் கொண்டு எழுதினால், முதலில் அனுப்பிய கோரிக்கையின் பதில் பிந்தி வந்து புதிய பதிலை அழித்துவிடும் ஆபத்து உண்டு. எச்டிஎம்எக்ஸில் ஒரே உறுப்பிலிருந்து எழும் கோரிக்கைகள் அவ்வாறு மோதுவதில்லை. முந்தையது முடியும் வரை அடுத்தது காத்திருக்கும், காத்திருப்பவற்றில் கடைசியானது மட்டும் செல்லும். ஆனால் முந்தையது மெதுவானதாக இருந்தால் பயனரும் அதற்காகக் காத்திருக்க நேரிடும். தேடலில் பழைய கோரிக்கையால் யாருக்கும் பயனில்லை என்பதால், எச்எக்ஸ்-சிங்க் பண்புக்குத் திஸ் ரீப்ளேஸ் என்ற மதிப்பை, நடுவில் முக்காற்புள்ளியோடு, கொடுங்கள். புதியது எழும்போது பழையது கைவிடப்படும். சேர்த்தல் படிவத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். உலாவி கைவிட்டாலும் சர்வர் அந்தப் பொருளை ஏற்கெனவே சேர்த்து முடித்திருக்கலாம்.

6. நீக்கும் பொத்தான்

எச்எக்ஸ்-டெலிட், குளோசஸ்ட் டிஆர் என்ற இலக்கு, அவுட்டர்எச்டிஎம்எல் முறை, உறுதிசெய்யும் கேள்விக்கு எச்எக்ஸ்-கன்ஃபர்ம். இவை போதும். சர்வர் பொருளை நீக்கிவிட்டு வெறுமையான பதிலை அனுப்பினால், வரிசையின் இடத்தில் வெறுமை பொருந்தி வரிசை மறைந்துவிடும்.

இங்கே சர்வரின் பதிலோடு வரும் நிலைக்குறியீடு, வெற்றியைக் குறிக்கும் 200 ஆக இருக்க வேண்டும். உள்ளடக்கம் இல்லாத பதிலுக்கு 204 என்பதே முறை என்று படித்தவர்கள் அதையே அனுப்புகிறார்கள். எச்டிஎம்எக்ஸ் 204-ஐக் கண்டால் எதையும் பொருத்தாது. தரவுத்தளத்தில் பொருள் நீங்கியிருக்கும், திரையில் வரிசை அப்படியே நிற்கும். நான் பயிற்றுவித்த ஒருவர் அரை நாள் முழுவதும் இலக்கின் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார். நெட்வொர்க் பகுதியில் நிலைக்குறியீட்டைப் பார்த்த பிறகு, ஒரே எண்ணை மாற்றியதில் வேலை முடிந்தது.

அனுமதி மறுப்பைக் குறிக்கும் 403 வந்தால் அது, வேறு தளங்களிலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் ஜாங்கோவின் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். படிவத்துக்குள் அதற்கான டோக்கன் (ரகசியக் குறி) மறைபெட்டியாகவே சென்றுவிடும். படிவத்துக்கு வெளியே உள்ள பொத்தானுக்கு அது இல்லை. பாடி குறிச்சொல்லில் எச்எக்ஸ்-ஹெடர்ஸ் பண்பை இட்டு, எக்ஸ்-சிஎஸ்ஆர்எஃப்டோக்கன் என்ற ஹெடரில் டோக்கனைக் கொடுத்துவிட்டால், பக்கத்தின் எல்லா உறுப்புகளுக்கும் அது இறங்கும். இதைத் தீர்க்க வியூவில் பாதுகாப்பையே நீக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

7. சேர்க்கும் படிவமும் அதன் பிழைகளும்

படிவத்தில் எச்எக்ஸ்-போஸ்ட் இட்டு, இலக்காகப் படிவத்தையே வைத்து, முறையை அவுட்டர்எச்டிஎம்எல்லாக்குங்கள். விலையை நிரப்பாமல் அனுப்பினால் பிழைச்செய்தியோடு அதே படிவம் திரும்பி வர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் வெறுமையான புதுப் படிவம் வர வேண்டும்.

பிழையுள்ள படிவத்தை 400 அல்லது 422 நிலைக்குறியீட்டோடு அனுப்பினால் திரையில் எதுவும் மாறாது, ஏனெனில் 400-உம் அதற்கு மேற்பட்டதுமான பதில்களை எச்டிஎம்எக்ஸ் இயல்பாகப் பொருத்துவதில்லை. பிழையுள்ள படிவத்தையும் 200-இலேயே அனுப்பலாம். அல்லது ரெஸ்பான்ஸ்ஹேண்ட்லிங் என்ற அமைப்பில் 422-ஐ மட்டும் பொருத்தச் சொல்லலாம். சிறிய திட்டத்துக்கு முதல் வழி போதும். பலர் சேர்ந்து எழுதும் திட்டத்தில் இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். சர்வரின் பதிவேட்டில் எது வெற்றி, எது பிழை என்பது கலக்காமல் இருக்கும்.

பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஐடி கொடுங்கள். பொருத்தும்போது அதே ஐடியுள்ள பெட்டியில் எச்டிஎம்எக்ஸ் கர்சரைத் தக்கவைக்கும். ஐடி இல்லாவிட்டால் ஒவ்வொரு பிழைக்கும் பயனர் பெட்டியை மறுபடி தொட வேண்டியிருக்கும்.

8. ஒரே செயலால் இரண்டு இடங்கள் மாறும்போது

பொருள் சேர்ந்தால் படிவம் மட்டும் மாறினால் போதாது. பட்டியலும் மொத்த எண்ணிக்கையும் மாற வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, ஒரே பதிலுக்குள் கூடுதல் துண்டுகளையும் சேர்த்து, அவற்றில் எச்எக்ஸ்-ஸ்வாப்-ஓஓபி என்ற பண்பை இடுவது. அந்தத் துண்டு தன் ஐடி உள்ள இடத்தைத் தானே தேடிப் போய்ச் சேரும். எண்ணிக்கை வரிக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் டிஆர் போன்ற அட்டவணை உறுப்புகளைப் படிவத்தோடு சேர்த்து அனுப்பும்போது, உலாவி அவற்றை அட்டவணைக்கு வெளியே கிடக்கும் தவறான உறுப்புகளாகக் கருதி உதிர்த்துவிடும். அவற்றை டெம்ப்ளேட் என்னும் எச்டிஎம்எல் குறிச்சொல்லால் சுற்றி அனுப்பினால் தப்பும்.

இரண்டாவது வழியில், சர்வர் தன் பதிலோடு எச்எக்ஸ்-டிரிக்கர் என்ற ஹெடரில் ஒரு நிகழ்வின் பெயரை அனுப்புகிறது. பட்டியலின் டிபாடி, பாடியிலிருந்து வரும் அந்த நிகழ்வைத் தன் தூண்டலாகக் கொண்டு, தன்னைத் தானே மறுபடி கேட்டுப் பெற்றுக்கொள்கிறது. ஒரு கோரிக்கை கூடுதலாகச் செல்லும் என்றாலும், படிவத்தின் வியூவுக்குப் பட்டியலைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. வரிசைகள் அகர வரிசையில் இருந்தால் புதுப் பொருள் எங்கே அமர வேண்டும் என்ற கேள்வியும் எழாது. நிகழ்வின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளில் வையுங்கள். ஹெடர்களில் தமிழ் எழுத்துகள் பழுதின்றிப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை.

இப்போது தேடல் பெட்டி, டிபாடி ஆகிய இரண்டு உறுப்புகள் ஒரே இலக்குக்குக் கோரிக்கை அனுப்புகின்றன. முன்பு சொன்ன காத்திருப்பு ஒரே உறுப்புக்குத்தான் பொருந்தும். ஆகவே, இரண்டின் எச்எக்ஸ்-சிங்க் பண்பும் ஒரே உறுப்பைச் சுட்டுமாறு இப்போதே திருத்திவிடுங்கள். டிபாடியின் கோரிக்கையில் தேடல் பெட்டியின் மதிப்பையும் எச்எக்ஸ்-இன்க்ளூட் மூலம் சேருங்கள். இல்லையேல் பருப்பு என்று தேடியிருந்தவர் ஒரு பொருளைச் சேர்த்ததும், வடிகட்டாத முழுப் பட்டியலும் கண்முன் வந்து நிற்கும்.

9. உள்நுழைவு காலாவதியானால்

பயனர் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு மதிய உணவுக்குப் போய்த் திரும்பி, திருத்தும் பொத்தானை அழுத்துகிறார். அந்த ஒரு வரிசையின் இடத்தில் உள்நுழைவுப் பக்கம் முழுதும் வந்து அமர்கிறது. சர்வர் 302 கொடுத்து உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்ப, உலாவி அதைத் தானாகவே பின்தொடர்ந்துவிடுவதால், எச்டிஎம்எக்ஸின் கைக்குக் கிடைப்பது இறுதியில் வந்த 200 பதில் மட்டுமே.

எச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் ஹெடரோடு வரும் கோரிக்கைக்கு உள்நுழைவு இல்லையென்றால், 302-க்குப் பதிலாக 200 பதிலில் எச்எக்ஸ்-ரீடைரக்ட் ஹெடரை வைத்து அனுப்பும் ஒரு மிடில்வேரை (எல்லாக் கோரிக்கைகளும் கடந்து செல்லும் இடைநிரலை) எழுதுங்கள். 302-இலேயே இந்த ஹெடரையும் வைத்துவிட்டால் ஆயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. அது பயன் தராது. 300 வரிசைப் பதில்களின் ஹெடர்கள் எச்டிஎம்எக்ஸை எட்டுவதே இல்லை.

10. காத்திருப்பையும் தோல்வியையும் காட்டுதல்

முழுப் பக்கமும் ஏறும்போது உலாவியே சுழலும் குறியைக் காட்டிவந்தது. அதை நாம் எடுத்துவிட்டோம்; மாற்று ஒன்றைத் தருவது நம் பொறுப்பு. எச்டிஎம்எக்ஸ்-இண்டிகேட்டர் என்ற கிளாஸ் உள்ள உறுப்பைப் பொத்தானுக்குள் வைத்தால் கோரிக்கை நடக்கும்போது மட்டும் அது தெரியும். சேமிக்கும் பொத்தானில் எச்எக்ஸ்-டிஸேபிள்ட்-எல்ட் பண்பும் இருக்கட்டும். இணைப்பு மெதுவாக உள்ள இடங்களில் பொறுமையிழந்து இரண்டுமுறை அழுத்துவதால் ஒரே பொருள் இருமுறை சேர்வதை அது தடுக்கும்.

பிழை நேர்ந்தால் எச்டிஎம்எக்ஸ் பயனருக்கு எதையும் சொல்வதில்லை. சர்வரின் பிழைக்கு ரெஸ்பான்ஸ்எரர், இணைப்பே அறுந்தால் சென்ட்எரர் என்ற நிகழ்வுகளை எழுப்பும். இரண்டையும் பாடியில் கேட்டு, "சேமிக்க முடியவில்லை, மறுபடி முயலுங்கள்" என்று ஒரு பட்டையில் காட்டும் பத்து வரி ஜாவாஸ்கிரிப்டை எழுதாமல் பக்கத்தை வெளியிட வேண்டாம். எண்ணிக்கை வரிக்கும் இந்தப் பட்டைக்கும் ஏரியா-லைவ் பண்பைப் பொலைட் என்ற மதிப்போடு கொடுத்தால், திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் மாற்றம் காதில் விழும்.

11. மற்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்களோடு

தேதி தேர்வி போன்றவை பக்கம் ஏறும்போது ஒருமுறை இயங்கி, அப்போது இருந்த பெட்டிகளோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். பின்னர் வந்த திருத்தும் வரிசையில் அவை செயல்படாது. எச்டிஎம்எக்ஸின் ஆன்லோட் செயற்கூற்றில் அவற்றைத் தொடங்கும் நிரலை வைத்தால், முதல் ஏற்றத்திலும் ஒவ்வொரு பொருத்தலுக்குப் பிறகும் புதிய பகுதிக்கு மட்டும் அது இயங்கும். எதிர்த்திசையில், வேறு நிரல் பக்கத்தில் சேர்த்த உறுப்பில் எச்எக்ஸ் பண்புகள் இருந்தால், அந்த உறுப்பைப் பிராசஸ் என்ற செயற்கூற்றுக்குக் கொடுத்தால்தான் அவை உயிர்பெறும்.

12. முகவரியும் பின்செல்லும் பொத்தானும்

தேடல் முடிவைப் பிறருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், தேடல் பெட்டியில் எச்எக்ஸ்-புஷ்-யூஆர்எல் இட்டு முகவரியை மாற்றுங்கள். திருத்தும் வரிசைக்கு இது வேண்டாம். அந்த முகவரியைத் தனியே திறந்தால் காட்டுவதற்கு முழுப் பக்கம் இல்லை.

பின்செல்லும்போது, தன்னிடம் சேமித்த பிரதி இல்லையென்றால், எச்டிஎம்எக்ஸ் சர்வரிடம் முழுப் பக்கத்தைக் கேட்கும். அந்தக் கோரிக்கையிலும் எச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் ஹெடர் இருக்கலாம்; ஆனால் கூடவே எச்எக்ஸ்-ஹிஸ்டரி-ரிஸ்டோர்-ரிக்வெஸ்ட் என்ற ஹெடரும் வரும். 3-ஆம் படியில் எழுதிய சோதனையில் இந்த இரண்டாவது ஹெடர் இருந்தால் முழுப் பக்கத்தையே தரும்படி இப்போது சேர்த்துவிடுங்கள்.

வெளியிடும் முன், நெட்வொர்க் பகுதியில் இணைப்பின் வேகத்தை மெதுவான 3ஜி அளவுக்குக் குறைத்து, வேகமாகத் தட்டிக்கொண்டே தேடிப் பாருங்கள். சேமிக்கும் பொத்தானை இருமுறை அழுத்துங்கள். வேறொரு தாவலில் வெளியேறிவிட்டு இங்கே திருத்தத்தை அழுத்துங்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு பொருளை நீக்கிப் பாருங்கள். கடைசியாக ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, 2-ஆம் படியில் இயங்கிய பக்கம் இன்னும் அப்படியே இயங்குகிறதா என்று பாருங்கள்.